அஞ்சு மில்லி

மயக்க மருந்து ஏறித் தூங்கப்போகிறவர் காதில் கடைசியாக விழுகிற குரல் யாருடையது என்று எப்போதாவது நினைத்துப் பார்த்திருக்கிறீர்களா? கத்தி பிடிக்கிற டாக்டருடையது இல்லை. அவர் அந்நேரம் வெளியே கை கழுவிக்கொண்டிருப்பார். தலைமாட்டில் நிற்கிற ஆளின் குரல்தான் அது. அந்த மாவட்டத்துப் பெரிய ஆஸ்பத்திரியின் மூன்றாம் நம்பர் தியேட்டரில், வெள்ளிக்கிழமை காலை ஒன்பதரைக்கு, அந்த ஆள் பூவரசி. மயக்கவியல் துறையில் உதவிப் பேராசிரியர், மூன்று வயதுப் பெண்ணுக்கு அம்மா, பச்சைத் தொப்பிக்குள் அடங்காத முடிக்காரி, எந்த நோயாளியையும் ரெண்டு நிமிஷத்தில் சிரிக்க வைத்துவிடுவாள் என்று பேர் எடுத்தவள். அன்றைக்கு மேசையில் படுத்திருந்தவர் சவரிமுத்து, ஊர் ஊராகப் போய்த் திருவிழாவுக்கு மைக் செட் கட்டுகிறவர், பித்தப்பையில் கல். "ஒண்ணு ரெண்டு எண்ணுங்கய்யா" என்றதும் அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "மைக் டெஸ்ட், மைக் டெஸ்ட், ஒன், டூ, த்ரீ" என்றார். பூவரசிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதே நேரம் வலப்பக்கம் நின்ற அபிநயாவுக்கும் சிரிப்பு வந்தது. ரெண்டு சிரிப்பும் நடுவழியில் ஒன்றையொன்று பார்த்துவிட்டு, தெருவில் எதிரும் புதிருமாக வந்துவிட்ட சம்பந்தி வீட்டார் மாதிரி, அப்படியே நின்றுபோயின. அபிநயா முதலாமாண்டு மேற்படிப்பு மாணவி. பூவரசிதான் அவளுக்குப் பயிற்சி கொடுக்கிறவள். தியேட்டருக்குள் "மேடம்", டீ குடிக்கிற அறையில் "அக்கா". நேற்றுப் பதினோரு மணி வரைக்கும் அப்படித்தான்.

அபிநயா ஊசியைக் கையில் எடுத்தாள். அந்தத் துறையில் ஒரு வழக்கம் உண்டு. ஊசிக் குழாயில் ஏற்றி வைத்த மருந்தை எடுக்கிறவர், அதில் ஒட்டியிருக்கிற பிளாஸ்திரியைப் பார்த்துப் பெயரைச் சத்தமாக வாசிக்க வேண்டும். பக்கத்தில் இருக்கிறவர் திரும்பி, அதைக் கண்ணால் பார்த்து, அதே பெயரைத் தன் வாயால் சொல்ல வேண்டும். அப்புறம்தான் கட்டைவிரல் அழுத்த வேண்டும். அந்த வழக்கத்தைக் கொண்டுவந்ததே பூவரசிதான். 'ம்' என்பது பதில் ஆகாது என்று தன் கையாலேயே அட்டைகளில் எழுதி ஒவ்வொரு தியேட்டர்ச் சுவரிலும் ஒட்டியிருந்தாள். இந்தத் தியேட்டர் அட்டை இப்போதும் அங்கேதான் இருந்தது, ஒரு முனை பிய்ந்து. "ப்ரோபோபால்" என்று அபிநயா வாசித்தாள். உதட்டுக்குள்ளேயே விழுந்த குரல். "சத்தமா" என்றாள் பூவரசி. "ப்ரோபோபால், மேடம்." பூவரசி திரும்பினாள், பார்த்தாள், "ப்ரோபோபால்" என்றாள். பால் மாதிரி வெள்ளை மருந்து குழாயில் ஓடியது. சவரிமுத்து நாலுக்குப் போகவில்லை. அடுத்த ஊசியை எடுக்கையில் அபிநயாவின் விரல் தயங்கியது. தசையைத் தளர்த்துகிற மருந்து, உடம்பில் ஒரு தசையை விடாமல், மூச்சு விடுகிற தசை உட்பட, எல்லாவற்றையும் கட்டிப்போடுகிற மருந்து. அதன் பெயரை அவள் வாசிக்க, பூவரசி திரும்பச் சொன்னாள், உள்ளே போயிற்று, அவ்வளவுதான், தினம் நடக்கிறதுதான். இனி மூச்சுக்குழலுக்குள் குழாய் போட வேண்டும். போடுவது யார்? 'நகரு, நானே போட்டுக்கறேன்' என்று சொல்லிவிடலாம். சொல்லியிருந்தால் யாரும் ஏன் என்று கேட்டிருக்க மாட்டார்கள். அபிநயாவின் இந்தக் கைதானே அந்தக் கடிதத்தை எழுதியது, இந்தக் கட்டைவிரல்தானே செவ்வாய்க்கிழமை அழுத்தியது. ஆனாலும் வெளிச்சம் எரிகிற அந்த வளைந்த கருவியை எடுத்து அபிநயாவின் இடது கையில் வைத்துவிட்டாள். ஏன் வைத்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை. பழக்கமாக இருக்கும். "பல்லு மேல சாயாத. தூக்கு, மேல, முன்னால. நாக்கை இடதுபக்கம் ஒதுக்கு. என்ன தெரியுது?" "வெள்ளையா… ரெண்டு தெரியுது, மேடம்." "அதான் குரல்நாண். அதுக்கு நடுவுல விடு." போயிற்று. நெஞ்சு இரண்டு பக்கமும் ஒன்றுபோல எழுந்து இறங்கியது. இதுதான் அவளுடைய பதினாறாவது குழாய் என்று எண்ணிக்கை தானாக வந்து நின்றது, பூவரசிக்கு எரிச்சலாக வந்தது. மற்ற யாருடைய எண்ணிக்கையும் அவள் மனசில் இப்படி இருந்ததில்லை. சொந்தப் பிள்ளைக்கு எத்தனை பல் முளைத்தது என்று நினைவில் வைத்திருப்பது மாதிரி வைத்திருந்தாளே.

சர்ஜன் கேமராவை உள்ளே விட்டதும் பெரிய விளக்குகளை அணைத்தார்கள். காலைப் பத்து மணிக்கு அறை இருட்டாயிற்று, திரையில் மட்டும் சவரிமுத்துவின் ஈரல் பளபளத்தது. பூவரசி தலைமாட்டு முக்காலியில் உட்கார்ந்தாள். இனி ஒரு மணி நேரம் இயந்திரம் மூச்சு விடும், மானிட்டர் டிக் டிக் என்று சொல்லிக்கொண்டிருக்கும், ஐந்து நிமிஷத்துக்கு ஒருதரம் தாளில் புள்ளி வைக்க வேண்டும். வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு இது சும்மா உட்கார்ந்திருக்கிற வேலை. சர்ஜன்கூடக் கிண்டல் பண்ணுவார், "உங்களுக்கென்ன மேடம், ஊதிட்டு உக்காந்துட்டீங்க." ஆனால் அந்த டிக் சத்தத்தைக் காது விடவே விடாது. குழந்தை தூங்கும்போது அடுப்படியில் வேலை பார்த்துக்கொண்டே தொட்டில் சத்தத்துக்குக் காதைக் கொடுத்திருப்பது மாதிரி. ரத்தத்தில் பிராணவாயு குறைந்தால் அந்தச் சத்தம் இறங்கும், டிக் என்பது டுக் ஆகும், டுக் என்பது இன்னும் கீழே போகும். செவ்வாய்க்கிழமை இறங்கியதே. ரெண்டாம் நம்பர் தியேட்டர், சிசேரியன், காளீஸ்வரி என்கிற இருபத்தி நாலு வயசுப் பெண், முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போயிருந்தது, மேலே முழு நினைவு. குழந்தை வந்தாயிற்று, பெண், தலை நிறைய முடி. "நீங்க எங்கேயும் போயிர மாட்டீங்களே டாக்டரம்மா" என்று காளீஸ்வரி கேட்டாள். "எங்க போறது, இங்கதான் உங்க தலைமாட்டுலயே குந்திருப்பேன், விரட்டினாலும் போக மாட்டேன்" என்றாள் பூவரசி. அப்போதுதான் பையில் போன் அதிர்ந்தது. வீட்டுக்காரர். குழந்தைக்குக் காய்ச்சல் நூத்தியொண்ணு, சிரப் எவ்வளவு கொடுக்க என்று கேட்டிருந்தார். பூவரசி சுவர்ப்பக்கம் திரும்பி, போனை வாய்ப்பக்கம் வைத்து, "அஞ்சு மில்லி. அஞ்சு மில்லி குடுங்க, ஈரத்துணி போட்டு விடுங்க" என்று பேசி அனுப்பினாள். முதுகுக்குப் பின்னால் அபிநயாவின் குரல். "மேடம், வாந்திக்கு ஒன்டான்செட்ரான் போடறேன்." பூவரசி சொன்னாள். என்ன சொன்னாள்? அங்கேதான் வந்து நிற்கிறது, செவ்வாய்க்கிழமையிலிருந்து எங்கே சுற்றினாலும் அங்கேயே வந்து மாட்டிக்கொள்கிறது, முள்வேலியில் முந்தானை மாட்டிக்கொள்கிற மாதிரி.

புள்ளி வைத்தாள். நாடி எழுபத்தி ரெண்டு. நல்ல மனுஷன் சவரிமுத்து, ஈரல்கூட நல்ல நிறம். அபிநயா எதிரே நின்றுகொண்டு திரையைப் பார்க்கிற மாதிரி இருந்தாள், அவள் திரையைப் பார்க்கவில்லை என்பது பூவரசிக்குத் தெரியும். கடிதம் எவ்வளவு சுத்தமாக எழுதப்பட்டிருந்தது! நேற்றுத் துறைத்தலைவர் தன் அறையில் அதை மேசைமேல் திருப்பி வைத்து நகர்த்தினார். 'மருந்தை ஏற்றியவரும் செலுத்தியவரும் உதவிப் பேராசிரியர் டாக்டர் பூவரசி அவர்கள். நான் அருகில் நின்று கவனித்துக்கொண்டு மட்டும் இருந்தேன்.' அந்த 'மட்டும்' இருக்கிறதே. 'அவர்கள்' என்று மரியாதை வேறு. கழுத்தில் மாலை போட்டுவிட்டுப் பின்னாலிருந்து தள்ளுகிற மரியாதை. ஹாஸ்டல் சாப்பாடு பிடிக்கவில்லை என்றாள் என்று தினமும் டப்பாவில் ஒரு கை கூடுதலாக வைத்துக்கொண்டு வந்தாளே, எலுமிச்சை சாதத்தில் வேர்க்கடலை அதிகமாகப் போட்டு. தன் கையையே நீட்டி, "குத்து, பரவாயில்ல, எனக்கு ரத்தக்குழாய் நல்லா எடுப்பா இருக்கும்" என்று ஊசி போடப் பழக்கினாளே, மூன்று நாள் நீலம் பூத்துக் கிடந்தது, வீட்டுக்காரர் யாரடி இப்படிக் கடித்தது என்று கேட்டார். செவ்வாய்க்கிழமையன்று எல்லாம் ஓய்ந்தபிறகு, உடை மாற்றுகிற அறையில், அலமாரிக்குப் பின்னால் குந்திக்கொண்டு இந்தப் பெண் அழுத அழுகை. "அக்கா, யார்கிட்டயும் சொல்லிராதீங்கக்கா." பூவரசி அவள் மூக்கைத் துடைத்துவிட்டுச் சொன்னாள், "மறைக்க முடியாதுடி. நீ பண்ணினதை நீ எழுது, நான் பண்ணினதை நான் எழுதறேன். ரெண்டு பேரும் சேர்ந்து போய்க் குடுப்போம்." "கூடவே நிக்கறேன்க்கா" என்றாள் அபிநயா. மறுநாள் பிள்ளைக்குக் காய்ச்சல் இறங்கவில்லை, லீவு. ஒரே ஒரு நாள். அந்த ஒரு நாளில் 'மட்டும்' எழுதப்பட்டுவிட்டது. துறைத்தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "பச்சைப் பிள்ளைக்காரி, வீட்டு நினைப்பு இருக்கத்தான் செய்யும், நான் குத்தம் சொல்லலம்மா" என்றார். அப்புறம் டிராயரிலிருந்து இன்னொரு தாள், டைப் அடித்தது. நோயாளிக்குப் பயத்தால் தற்காலிக மயக்கம் ஏற்பட்டது, உடனடியாகச் சிகிச்சை அளிக்கப்பட்டது. "இதுல ஒரு கையெழுத்து. அந்தக் கடிதத்தை நான் மேல அனுப்ப மாட்டேன். இல்லைன்னா விசாரணைதான். நாளைக்குப் பன்னெண்டு மணிக்குள்ள சொல்லிரு." அந்தத் தாள் இப்போது பச்சை அங்கியின் பையில் மடித்துக் கிடந்தது. முக்காலியில் அசையும்போதெல்லாம் சரக் சரக் என்றது.

சர்ஜன் "கொஞ்சம் தலைய உயர்த்துங்க மேடம்" என்றார், மேசையைச் சாய்த்தாள், ரத்த அழுத்தம் கொஞ்சம் இறங்கியது, திரவத்தைக் கூட்டிவிட்டாள், கை பாட்டுக்கு வேலை பார்த்தது. மனசு பாட்டுக்குக் கணக்குப் பார்த்தது. இவள் எழுதியது பொய். சுத்தப் பொய். ஏற்றியது இவள், ஒட்டியது இவள், பிளாஸ்திரியில் எழுத்துக்கூடச் சரியாகத்தான் எழுதியிருந்தாள், வாசிக்காமல் எடுத்தது இவள். ஒரே அளவு ஊசிக் குழாய் ரெண்டு, ஒன்றில் வாந்தி மருந்து, ஒன்றில் அவசரத்துக்கென்று ஏற்றி வைக்கிற சக்சினைல்கோலின், மூச்சுத் தசையையும் கட்டிப்போடுகிற மருந்து. தட்டைப் பார்த்தால் ஒன்று நிறைந்து கிடந்தது, ஒன்று காலி. நிறைந்து கிடந்தது வாந்தி மருந்து. யார் போய் எங்கே கேட்டாலும் இதைச் சொல்லலாம், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொல்லலாம். சொல்லலாமா? அப்படியானால் நீ அப்போது என்ன செய்துகொண்டிருந்தாய் என்று கேட்பார்களே. சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் பெயரைச் சொன்னாளா? சொன்னாள், தப்புப் பெயர், குழாயைப் பார்க்காமல் மனசிலிருந்து சொன்னாள். நீ திரும்பினாயா? இல்லை. நீ என்ன பதில் சொன்னாய்? ம். அவ்வளவுதான், 'ம்'. கதவைத் தட்டுகிற பக்கத்து வீட்டுக்காரிக்கு அடுப்படியிலிருந்தே சொல்கிற 'ம்'. தன் கையால் அட்டையில் எழுதிச் சுவரில் ஒட்டியவள், அந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்ன 'ம்'. அதற்கும் மேலே ஒன்று இருக்கிறது, அதை அவள் இதுவரை வீட்டுக்காரரிடம்கூடச் சொல்லவில்லை. திரும்பியபோது காளீஸ்வரியின் கன்னமும் தோளும் துடித்தன. முதுகு ஊசி போட்டவர்களுக்கு நடுக்கம் வருவது தினம் பார்க்கிறதுதான். "குளிருது போல, கம்பளி போத்துங்க" என்றாள் பூவரசி. சிஸ்டர் எஸ்தர் கம்பளியைக் கொண்டுவந்து கழுத்து வரைக்கும் இழுத்துப் போர்த்தினாள். துடிப்பு நின்றது. நல்லது, குளிர் விட்டுவிட்டது என்று நினைத்தாள். நினைத்தாளே! பத்து வருஷம் இதே வேலை பார்த்தவள். அது குளிர் விட்ட அமைதி இல்லை. ஒரு பெண் முழு நினைவோடு, மூச்சு விட முடியாமல், கண் இமையை அசைக்க முடியாமல், கழுத்து வரை கம்பளி போர்த்தப்பட்டுக் கிடந்தாள். டிக், டிக், டுக். அந்த டுக் விழுந்தபிறகுதான் பூவரசி பாய்ந்தாள், முகமூடியை அழுத்தி மூச்சு ஊதினாள், தூங்க வைக்கிற மருந்தைக் கொடுத்தாள், குழாயைப் போட்டாள். காப்பாற்றினாள். ஆமாம், காப்பாற்றினாள். அதற்கு முன்னால் ஒரு நிமிஷம். ஒரு நிமிஷமா, ஒன்றேகாலா?

"மேடம், புள்ளி" என்றாள் அபிநயா மெதுவாக. நேரம் தவறியிருந்தது. பூவரசி அவளைப் பார்க்காமல் புள்ளி வைத்தாள். திரையில் பித்தப்பையை ஈரலிலிருந்து பிரித்துக்கொண்டிருந்தார்கள், வெங்காயத் தோலை உரிக்கிற மாதிரி. இன்னும் கால் மணி நேரம். இந்தக் கடிதத்துக்காக இவளை வெறுக்க வேண்டும், முறையாக, முழுசாக வெறுக்க வேண்டும், நேற்று ராத்திரி பிள்ளைக்குச் சோறூட்டிக்கொண்டே வெறுக்கத்தான் செய்தாள், பிள்ளை "அம்மா, யாரத் திட்டுற?" என்று கேட்டது. ஆனால் வெறுப்பு பாதி வழி போனதும் இன்னொரு முகம் வந்து குறுக்கே நிற்கிறது. நேற்றுக் காலை, கடிதம் கண்ணில் படுவதற்கு முன்னால், பிரசவ வார்டுக்குப் போயிருந்தாள். காளீஸ்வரி சுவரோரக் கட்டிலில் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், பால் கொடுக்காமல், பார்த்துக்கொண்டு. பூவரசியைக் கண்டதும் கையைப் பிடித்துக்கொண்டாள். "டாக்டரம்மா, நான் செத்துட்டுப் பொழச்சனா?" என்றாள். "கம்பளி போத்துங்கன்னு சொன்னீங்க, கேட்டுச்சு. வேணாம், மூச்சு முட்டுதுன்னு கத்துறேன், வாயி வரல. எங்கேயும் போக மாட்டேன்னீங்களே, இங்கதான நிக்கிறாங்க, ஏன் பாக்க மாட்டேங்குறாங்கன்னு நெனச்சேன். அதுக்கு முன்னால யார்கிட்டயோ அஞ்சு மில்லின்னீங்க. எனக்குப் போட்டதா அது? அதுலதான் இப்படி ஆச்சா?" கட்டிலருகே நின்ற டியூட்டி சிஸ்டர், "அதெல்லாம் கனவும்மா, மயக்கத்துல அப்படித்தான் என்னென்னமோ வரும், நீ பாலக் குடு" என்றாள். காளீஸ்வரி சிஸ்டரைப் பார்க்கவில்லை. பூவரசியைப் பார்த்தாள். "கனவா டாக்டரம்மா?" பூவரசி என்ன சொன்னாள்? யாரையோ காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டுதான் சொன்னாள், அபிநயாவை என்று அப்போது நினைத்தாள். "ம்" என்றாள். மறுபடியும் அதே 'ம்'. காளீஸ்வரி கையை விட்டுவிட்டாள். பிடுங்கவில்லை, விட்டாள். சூடு ஆறிப்போன பாத்திரத்தை இறக்கி வைக்கிற மாதிரி. அதற்குப் பிறகு ஒரு மணி நேரம் கழித்துத்தான் அந்தக் கடிதம் மேசையில் நகர்ந்து வந்தது. தலைமாட்டில் இருப்பேன் என்று சொல்லிவிட்டு முதுகைக் காட்டியவள் யார்? கூடவே நிற்பேன் என்று சொல்லிவிட்டு 'மட்டும்' எழுதியவளை மட்டும் எந்த வாயால் துரோகி என்பது?

விளக்கு போட்டார்கள், எல்லோரும் கண்ணைச் சுருக்கிக்கொண்டார்கள். சர்ஜன் கல்லை ஒரு கிண்ணத்தில் உருட்டிக் காட்டினார், புளியங்கொட்டை அளவு. தையல் முடிந்தது. "எழுப்பலாமா?" என்றாள் பூவரசி. அபிநயா, கட்டிப்போட்ட தசையை அவிழ்த்துவிடுகிற மருந்தை எடுத்தாள், வாசித்தாள், பூவரசி திரும்பிச் சொன்னாள். சவரிமுத்துவின் விரல் அசைந்தது, நெற்றி சுருங்கியது. "அய்யா, கண்ணத் திறங்க. சவரிமுத்து அய்யா! தலையத் தூக்குங்க. இன்னும் தூக்குங்க, அப்படியே பிடிங்க. நல்லா மூச்ச இழுங்க." குழாயை எடுத்ததும் இருமினார். கரகரத்த குரலில், "செட்டு… பாடுதா?" என்றார். "பாடுது அய்யா, நல்லாப் பாடுது" என்றாள் பூவரசி, அவர் நெற்றியைத் துடைத்துவிட்டபோது தன் கண் நனைந்திருப்பது தெரிந்தது. இவருக்கு எதுவும் தெரியாது. ஒரு மணி நேரமும் தலைமாட்டில் யாரோ உட்கார்ந்திருப்பார்கள் என்று நம்பி, மூன்று வரை எண்ணிவிட்டுப் போனார், திரும்பி வந்துவிட்டார். இதற்குத்தானே சம்பளம்.

அவரைத் தள்ளிக்கொண்டு போய் விட்டபோது மணி பதினொன்றரை. நடைபாதையில் அபிநயா பின்னாலேயே வந்தாள். "அக்கா" என்றாள். தியேட்டர் தாண்டியாயிற்று, மேடம் அக்காவாகிற இடம். பூவரசி நிற்கவில்லை. "அக்கா, சார்தான் அப்படி எழுதச் சொன்னாரு. நீங்க நிரந்தர வேலைல இருக்கீங்க, உங்களுக்கு ஒண்ணும் ஆகாது, எனக்கு வருஷமே போயிரும்னாரு. நீங்க அந்தத் தாள்ல கையெழுத்துப் போட்டுட்டா என் கடிதத்தைக் கிழிச்சிருவேன்னாரு. சத்தியமா அது வெளிய வராதுன்னுதான்…" பூவரசி நின்றாள். அப்படியா சேதி. ஒருத்தியைக் காட்டி இன்னொருத்தியைப் பிடித்து, ரெண்டு பேரையும் காட்டிக் காளீஸ்வரி வாயை அடைத்து. பையிலிருந்து டைப் அடித்த தாளை எடுத்தாள். அதன் பின்பக்கம் வெறுமையாக இருந்தது. நடைபாதைச் சுவரிலேயே வைத்து எழுதினாள், சுவர் சொரசொரப்பில் எழுத்து கோணிக்கொண்டது. 'பெயரைக் கேட்டேன். திரும்பிப் பார்க்கவில்லை. ம் என்றேன். துடிப்பைக் குளிர் என்று நினைத்தேன். என் பங்கு இது.' கையெழுத்து. "உன் பங்கை நான் எழுத மாட்டேன்டி" என்றாள். "எலுமிச்சை சாதம் வேணும்னா இன்னமும் கொண்டாரேன். அத மட்டும் கேட்காத." அபிநயா அழவில்லை, முகம் மாவு மாதிரி வெளுத்துப்போயிருந்தது. துறைத்தலைவர் அறை இடதுபக்கம், மாடிப்படி ஏறினால் பிரசவ வார்டு. பூவரசி படியில் கால் வைத்தாள். பாதி ஏறியபிறகு பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது, ஒவ்வொரு படியாக.

காளீஸ்வரி அதே சுவரோரக் கட்டிலில் இருந்தாள். பூவரசியைப் பார்த்ததும் முகத்தைக் குழந்தைப் பக்கம் திருப்பிக்கொண்டாள். பூவரசி கட்டிலின் தலைமாட்டுக்குப் போனாள், நிற்கவில்லை, அவள் முகத்துக்கு நேராகத் தன் முகம் வரும்படி தரையில் மண்டியிட்டு உட்கார்ந்தாள். "அது கனவு இல்ல காளீஸ்வரி" என்றாள். "நீ கேட்டதெல்லாம் நெசம். அஞ்சு மில்லி உனக்கு இல்ல, காய்ச்சல்ல கிடந்த என் பிள்ளைக்குச் சொன்னது. அதச் சொல்லிக்கிட்டு இருந்ததுல உன்ன நான் திரும்பிப் பாக்கல. எங்கேயும் போக மாட்டேன்னு சொல்லிட்டுப் போயிட்டேன். நேத்தும் உங்கிட்டப் பொய் சொன்னேன்." காளீஸ்வரி முகத்தைத் திருப்பி அவளைப் பார்த்தாள். வாயைத் திறந்து மூச்சை இழுத்தாள், நெடுநேரம் இழுத்தாள், இப்போதுதான் கம்பளியை யாரோ விலக்கியது மாதிரி. "அப்ப எனக்குப் பைத்தியம் இல்லையே?" என்றாள். "இல்ல." "எங்க மாமியாக்காரி, புள்ள பெத்ததுல புத்தி பெரண்டிருச்சுன்னு சொல்லிட்டுத் திரியுது." "நான் வந்து சொல்றேன் அவங்ககிட்ட." காளீஸ்வரி கண்ணைத் துடைத்துக்கொண்டு, பூவரசியைத் தாண்டி, கட்டிலின் கால்மாட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிற பெண்ணைப் பார்த்தாள். "அப்ப எனக்கு என்னதான் போட்டீங்க?" அபிநயாவின் உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. குழந்தை தூக்கத்தில் ஒருமுறை சப்புக்கொட்டியது. பூவரசி தரையிலிருந்து எழவில்லை. தலையை மட்டும் திருப்பினாள், முழுசாகத் திருப்பினாள், அபிநயாவின் கண்ணைப் பார்த்தாள்.

"மருந்து பேரச் சத்தமாச் சொல்லு அபி. நான் திரும்பிட்டேன், கேக்குறேன். சொல்லும்மா."